பிறந்த வீட்டுப் பெயர்

ஏப்ரல் 8, திங்கள்

காலையில் நகராட்சி வண்டி வந்து, பூங்காவில் இருந்த பிக்கிள்பால் களங்களைப் பூட்டிவிட்டுப் போனது. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். மஞ்சள் சட்டை போட்ட ஆள் கம்பிக் கதவில் சங்கிலியைச் சுற்றி, இழுத்துப் பார்த்து, ஒரு அறிவிப்பையும் கட்டித் தொங்கவிட்டான். இப்போதைக்குத் தற்காலிகம்தான். ஜூலையில் கூட்டம் போட்டுக் கடைசி முடிவு சொல்வார்கள்.

ஜெயித்துவிட்டேன். பிப்ரவரி மழையில் தெருத் தெருவாக நடந்து கையெழுத்து வாங்கியது வீண்போகவில்லை. இரண்டு வருடமாகக் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மதியம் வரை அந்தச் சத்தம். டொக், டொக், டொக். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தைக் கட்டை மட்டையால் அடிக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவளைக் கேட்க வேண்டும்.

ஆர்லோ பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "பூட்டியாச்சா?"

"ஆச்சு."

"சந்தோஷமா?"

பின்னே இல்லையா என்றேன். ருபார்ப் கேக் சுட்டேன். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

எதிர்வீட்டு பெர்னிஸ் தபால் பெட்டி பக்கம் நின்றிருந்தாள். கையில் மட்டைப் பை. பூங்கா வரை நடந்து போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். என் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் வீட்டுக் கதவை மட்டும் நான் கையெழுத்துக்குத் தட்டவில்லை. எப்படித் தட்டுவது?

ஏப்ரல் 10, புதன்

அமைதியாக இருக்கிறது.

ஏப்ரல் 12, வெள்ளி

அமைதி. பத்து மணிக்குக் காபி போட்டேன். நாலு பேர் குடிக்கிற அளவுக்குப் போட்டிருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

பின்வாசல் படியில் சறுக்கி விழுந்தேன். மழையில் பாசி பிடித்துக் கிடந்தது. எலும்பு ஒன்றும் முறியவில்லை, இடுப்பில் ஊதா நிறத்தில் ஒரு தட்டு அளவுக்குக் கன்றியிருக்கிறது. எழுந்திருக்க முடியாமல் மல்லாக்கக் கிடந்துகொண்டு "ஆர்லோ, ஆர்லோ" என்று கத்தினேன். நாற்பது வருடம் படகு எஞ்சின் அறையில் வேலை பார்த்த காது அவருக்கு. எங்கே கேட்கும்? நானாக உருண்டு எழுந்தேன்.

டாக்டர் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நின்றேன். ஒரு நொடிக்குள் மேஜையைப் பிடித்துவிட்டேன். "நாலு பேரோட சேர்ந்து ஏதாவது பண்ணுங்க வெர்னா. வீட்டுக்குள்ளயே இருந்தா இன்னொரு தடவ விழுவீங்க" என்றார். பாலத்துக்கு அந்தப் பக்கம், சர்ச் மண்டபத்தில், வயதானவர்களுக்குச் செவ்வாயும் வியாழனும் வகுப்பு நடக்கிறதாம்.

மே 7, செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது.

நாற்காலியில் உட்கார்ந்து கையைக் காலை நீட்டுகிற வகுப்பு என்று நினைத்துத்தான் போனேன். மண்டபத்துக் கதவைத் திறந்ததும் அந்தச் சத்தம். டொக், டொக். உள்ளே மூன்று வலை கட்டியிருந்தது. அப்படியே திரும்பிவிடலாம் என்று ஒரு காலைப் பின்னால் வைத்தேன். அதற்குள் ஒரு குள்ளமான பெண்மணி ஓடி வந்து என் கையில் மட்டையைத் திணித்துவிட்டாள்.

"புதுசா? வாங்க வாங்க! நான் டெஸ்ஸி மகலோனா. உங்க பேரு?"

"வெர்னா..." என்றேன். அவளுக்குப் பின்னால் சுவரோரம் நாலைந்து பேர் எங்கள் ஊர்ப் பூங்காவின் பெயர் போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். களத்தைப் பூட்டிய பிறகு எல்லோரும் இங்கேதான் வருகிறார்கள். வேறு எங்கே போவார்கள்? அது எனக்குத் தோன்றவே இல்லையே. அவர்களுக்கு என் முகம் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. ஆனால் பெயர் தெரியும். பெயர்தான் ஊர்ப் பத்திரிகையில் வந்ததே.

"வெர்னா ஹோல்ம்" என்றேன்.

பிறந்த வீட்டுப் பெயர். அதைச் சொல்லி நாற்பத்தைந்து வருடம் இருக்கும். எப்படி வாயில் வந்தது?

மே 9, வியாழன்

மறுபடி போனேன்.  மட்டையைத் திருப்பிக் கொடுக்கத்தான் என்று காரில் சொல்லிக்கொண்டேன். டெஸ்ஸி விடவில்லை.

பந்து வருகிறது, நான் வீசுகிறேன், பந்து எனக்குப் பின்னால் கிடக்கிறது. ஒரு தடவை மட்டை என் மூக்குக் கண்ணாடியிலேயே பட்டது. மூன்று எண்ணாகப் பாயிண்ட் சொல்ல வேண்டுமாம். ஆட்டத்தைத் தொடங்கும்போதே "சீரோ, சீரோ, ரெண்டு" என்கிறார்கள்.

"ஒருத்தருமே இன்னும் பாயிண்ட் எடுக்கலயே, இந்த ரெண்டு எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

டெஸ்ஸி சிரித்தாள். "அதக் கேட்ட யாருக்கும் இதுவரைக்கும் பதில் புரிஞ்சதில்ல அக்கா. சொல்லிடுங்க, போதும்." தன்னைவிட ஒரு வயது கூட என்றாலும் அக்கா என்பது அவள் பிறந்த நாட்டு வழக்கமாம். கப்பல் தளத்துக் கேண்டீனில் முப்பது வருடம் இருந்தவளாம். குரல் மண்டபத்தையே தூக்குகிறது.

வலைக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. பந்து தரையில் படுவதற்கு முன் அதற்குள் நின்று அடிக்கக் கூடாது. அந்தக் கட்டத்துக்குக் கிச்சன் என்று பெயர். நான் அதற்குள்ளேயே போய்ப் போய் நின்றேன்.

"அக்கா, கிச்சன விட்டு வெளிய வாங்க! சமைச்சது போதும்!"

மண்டபமே சிரித்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு. இந்த வயதில், பந்தடிக்கத் தெரியாமல், நாலு பேர் பார்க்க. வெட்கக்கேடு.

வீட்டுக்கு வந்து ஆர்லோவிடம், கால் நிதானத்துக்கு வகுப்பு, நன்றாக இருக்கிறது என்றேன். மட்டையை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். சிகரெட் ஒளிக்கிற பள்ளிக்கூடப் பெண் மாதிரி.

மே 21, செவ்வாய்

இதை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன்.

டெஸ்ஸி தலைக்கு மேல் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டாள். எனக்கு ஜோடியாக நின்றது லைல் என்ற உயரமான ஆள். எங்கள் ஊர்க்காரர்தான், கூரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்புக் கடையில் அதிகாலையிலிருந்து வேலைக்கு நின்றுவிட்டு நேராக ஆட வருவார். "உங்களது" என்று அவர் கத்த, "உங்களது" என்று நான் கத்த, இரண்டு பேரும் நகராமல் நின்று, பந்து நடுவில் விழுந்து அவர் மண்டையில் எகிறியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. எத்தனை காலமாயிற்று அப்படிச் சிரித்து! குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்ததில் பாண்ட் நனைந்துவிட்டது.

வெளிர் சாம்பல் நிறப் பாண்ட். தெரியத்தான் செய்யும்.

மட்டையை முன்னால் பிடித்து மறைத்துக்கொண்டேன். டெஸ்ஸி எங்கிருந்து பார்த்தாளோ. தன் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே வந்து என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். "அக்காவுக்குத் தண்ணி குடுக்கப் போறேன், நீங்க ஆடுங்க" என்று சத்தமாகச் சொல்லி வெளியே கூட்டிப் போனாள். கழிவறையில் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"மூணு பெத்தேன். எனக்குத் தெரியாதா? வியாழக்கிழம கறுப்புப் பாண்ட் போட்டுட்டு வாங்க, அவ்வளவுதான்."

அவளுக்கு நான் சொன்ன பெயர் பொய்.

ஜூன் 4, செவ்வாய்

இன்று ஓய்வு நேரத்தில் லைல் பேச ஆரம்பித்தார். புதிதாக வந்த ஒருவர், உங்கள் ஊரிலேயே களம் இருந்ததே என்று கேட்டுவிட்டார்.

"இருந்துச்சு. ஒரு அம்மா மூடிட்டாங்க. ஹாக்கன்சனோ என்னவோ. வேலிக்குப் பக்கத்து வீடு. வீடு வீடாப் போயிக் கையெழுத்து வாங்கியிருக்கு. காதுல பஞ்சு வச்சுக்கிட்டா ஆகாதா? பக்கத்து வீட்டுக்காரன் தும்மினாக்கூடக் கையெழுத்து வாங்கும்போல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நானும் சிரித்தேன். அதைத்தான் எழுத வந்தேன்.

அதோடு நிற்கவில்லை. "எங்களுக்குப் பரவால்ல, கார் இருக்கு, வந்துடறோம். பாவம் பெர்னிஸ். அந்தக் குரூப்ப ஆரம்பிச்சதே அவதான். மருந்துக்கட வாசல்ல இருந்த பூந்தொட்டி மேல கார ஏத்திட்டா. மகன் வந்து சாவியப் புடுங்கிட்டுப் போயிட்டான். பூங்கான்னா நடந்து வந்துருவா. இப்ப வீட்டுக்குள்ளயே கெடக்கறா. மத்தவங்க கார்ல எடமில்ல, நான் இந்தப் பக்கத்துலருந்து வர்றதால கூட்டிட்டு வரவும் வழியில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எந்தப் பக்கம் ஹோல்ம் அம்மா?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். ஊர விட்டு உள்ள தள்ளி" என்றேன்.

வாரம் இரண்டு நாள், பெர்னிஸ் வீட்டு ஜன்னலுக்கு நேராகத்தான் காரைப் பின்னால் எடுக்கிறேன். பக்கத்து சீட்டில் என் கைப்பை உட்கார்ந்து வருகிறது.

ஜூன் 5, புதன்

ஆர்லோ மட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். பான்கேக் செய்யலாம் என்று மாவு டப்பாவை எடுத்திருக்கிறார். மட்டையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"இது என்ன, பான்கேக் திருப்பிப் போடவா?"

சொன்னேன். எல்லாவற்றையும். இருமல் வருகிற வரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பெர்னிஸுக்குத் தெரியுமா?" என்றார்.

"இல்ல."

"எனக்கு அந்தச் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்ல வெர்னா. காது அப்படி. ஆனா நீ ஜன்னல்ல நிக்கறதப் பாத்திருக்கேன். பந்து அடிக்கும்போது சும்மாத்தான் நிப்ப. அவங்க சிரிச்சாத்தான் மொகம் மாறும்."

எனக்குக் கோபம் வந்தது. துணி மடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். மடிக்கத் துணியே இல்லை.

பத்து மணிக் காபி பெர்னிஸுடையது. எத்தனையோ வருடம், பின்கதவால் வருவாள், தட்டவே மாட்டாள். களம் திறந்த பிறகு நின்றுபோயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது மட்டும் கேட்கும். அதற்காகவா நான் மழையில் நடந்தேன்? என் கையெழுத்துக்குக் கீழே அத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கினேனே, அவர்களிடம் நான் என்ன சொன்னேன்? இரைச்சல் என்றேன். தூக்கம் என்றேன். குழந்தைகள் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

முதல் முறையாக ஒரு ஆட்டம் ஜெயித்தேன். கடைசிப் பந்தை வலைக்கு மேல் மெதுவாகத் தட்டிவிட்டேன். எதிர்ப்பக்கத்துக் கிச்சனில் பொத்தென்று விழுந்தது, யாராலும் எடுக்க முடியவில்லை. லைல் மட்டையை என் மட்டையோடு தட்டினார். டெஸ்ஸி மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்.

வீடு வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். எங்கள் தெரு திரும்பியதும் நிறுத்தினேன்.

ஜூலை 9, செவ்வாய்

பெர்னிஸ் வந்தாள்.

கடையில் லீவு கொடுத்தார்களாம், லைல் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் குனிந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தேன். அவள் குரல் கேட்டது. நிமிரவே இல்லை. நாடாவைக் கட்டினேன், அவிழ்த்தேன், கட்டினேன்.

டெஸ்ஸி அவளை நேரே என்னிடம்தான் கூட்டி வந்தாள். "பெர்னிஸ், இது எங்க புது நட்சத்திரம். வெர்னா ஹோல்ம்."

பெர்னிஸ் இளைத்திருக்கிறாள். சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருந்தது. என்னைப் பார்த்தாள். 

"ஹோல்ம்" என்றாள். "நல்ல பேரு."

அவ்வளவுதான். எனக்கு எதிர்ப்பக்கம் நின்று ஆடினாள். என்னை நோக்கி ஒரு பந்தும் வேகமாக அடிக்கவில்லை. எல்லாவற்றையும் மெதுவாக, என் கைக்கு எட்டுகிற இடத்தில், கற்றுக்கொள்கிறவளுக்குப் போடுகிற மாதிரி போட்டாள். முகத்தில் அடித்திருந்தால் தேவலை.

கார் நிற்கிற இடத்தில், லைல் வண்டியை எடுக்கப் போன நேரத்தில், என் பக்கம் வந்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒனக்காக இல்ல, எனக்கு அசிங்கமா இருக்கு, அதுக்காக. சொல்றதுன்னா நீயே சொல்லிக்கோ."

ஜூலை 11, வியாழன்

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். காரிலேயே வாக்கியத்தைத் தயார் செய்தேன். போனால் டெஸ்ஸி பிறந்தநாளாம், வீட்டிலிருந்து ஒரு பெரிய தட்டு நிறைய லும்பியா, இறைச்சி வைத்த சுருள், பொரித்து எடுத்து வந்திருந்தாள். முதலாவதை என் வாயில் திணித்தாள்.

வாயில் லும்பியாவோடு எப்படிச் சொல்வது?

சாக்கு. மென்று முழுங்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஜூலை 16, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 22, திங்கள்

நகராட்சிக் கூட்டம். மாலை ஆறு மணி. ஆர்லோ வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் எங்கள் தெருக்காரர்கள். மறுபக்கம் பூங்காச் சட்டைக்காரர்கள். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நடுவழியில் நின்றேன். லைல் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நம்ம பக்கம் பேசவா இவ்வளவு தூரம் வந்தீங்க ஹோல்ம் அம்மா? ரொம்ப பெரிய மனசு." தன் பக்கத்தில் இடம் பண்ணிக் கொடுத்தார். டெஸ்ஸியும் வந்திருந்தாள். எங்கள் ஊர்க்காரியே இல்லை அவள், இவர்களுக்காக வந்திருந்தாள். பெர்னிஸ் முன்வரிசையில். திரும்பவில்லை.

தலைவர் அம்மா வாசித்தார். "மனுவில் முதல் கையெழுத்து, திருமதி வெர்னா ஹாக்கன்சன். வந்திருக்கிறாரா?"

லைல் கழுத்தை நீட்டிச் சுற்றிலும் தேடினார். "எங்க இருக்கா அவ?" என்றார் என் காதருகில்.

எழுந்தேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஒலிபெருக்கிக்கு நடந்து போகிற வரை யாரோ என் முதுகில் சூடு வைப்பது மாதிரி இருந்தது.

"என் கையெழுத்த வாபஸ் வாங்கறேன்" என்றேன்.

"காரணம் சொல்ல முடியுமா?"

"சத்தம் பொய்யில்ல. சத்தம் இருக்கு. ஆனா நான் கையெழுத்து வாங்கப் போனது அதுக்காக இல்ல. வேற... அது என் சொந்த விஷயம். அத மறைச்சுட்டு மத்தவங்ககிட்ட வேற காரணம் சொன்னேன். அதோட..." ஒலிபெருக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இப்ப நானே பாலத்துக்கு அந்தப் பக்கம் போயி ஆடிட்டு இருக்கேன். மே மாசத்துலருந்து."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு டிக் ஸாண்ட்வோல்ட் எழுந்து நின்றார்.

"எங்க வீட்டுக் கதவ நீதான தட்டின? பேத்தி தூங்க மாட்டேங்குறான்னு எழுதுங்கன்னு நீதான சொல்லிக் குடுத்த? நெஜமாவே தூங்க மாட்டேங்குறாம்மா அவ! நாங்க என்ன, ஒனக்கு வெளையாட்டுப் பொம்மயா?"

 அவர் கேட்டது நியாயம்.

நகராட்சி உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். நான் வாபஸ் வாங்கியது ஒரே ஒரு கையெழுத்து. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறதே. ஒரு ஓட்டு வித்தியாசத்தில் களம் நிரந்தரமாக மூடப்பட்டது. படகு இறக்க வருகிறவர்களின் வண்டி நிறுத்த அந்த இடத்தில் தார் போடப் போகிறார்கள்.

நான்தான் ஆரம்பித்தேன். என்னாலேயே நிறுத்த முடியவில்லை. வெளியே வரும்போது இரண்டு பக்கத்துக்காரர்களும் எனக்கு வழிவிட்டார்கள். மரியாதையால் அல்ல.

ஜூலை 23, செவ்வாய்

போகவில்லை. ஆர்லோ முட்டை பொரித்துக் கொடுத்தார், மஞ்சள் கரு உடைந்து.

ஜூலை 25, வியாழன்

போகவில்லை. மதியம் டெஸ்ஸி போன் செய்தாள். மூன்று தடவை அடிக்க விட்டு, நான்காவதில் எடுத்தேன்.

"என் ஸ்வெட்டர் ஒங்ககிட்டதான் இருக்கு" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

"தபால்ல அனுப்பிடறேன் டெஸ்ஸி."

"தபால்லயா? நல்லாருக்கே! எனக்குக் கோவந்தான். பொய்ப் பேரச் சொல்லி என் கையால சாப்ட்டீங்களே. எங்க வீட்டுல ஒங்களப் பத்திப் பேசியிருக்கேன், தெரியுமா? புருஷன்கிட்ட, மகள்கிட்ட. அந்தக் கோவம் போக நாளாகும். அதுவரைக்கும் நீங்க வீட்டுல ஒளிஞ்சு உக்காந்தா எனக்கு என்ன பிரயோஜனம்? நேர்ல கொண்டு வந்து குடுங்க."

வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

போனேன். ஸ்வெட்டரைத் துவைத்து மடித்துக் கொடுத்தேன். டெஸ்ஸி வாங்கிக்கொண்டாள், தலையாட்டினாள்.

அடுத்த ஆட்டத்துக்கு யார் யார் என்று தெரிய, மட்டைகளைச் சுவரில் உள்ள சட்டத்தில் வரிசையாகச் செருகி வைப்போம். நாலு நாலாக இறங்க வேண்டும். நான் என் மட்டையைச் செருகினேன். லைல் எழுந்து வந்தார். என் மட்டைக்குப் பக்கத்தில் இருந்த தன் மட்டையை உருவி, கடைசிக்குக் கொண்டுபோய்ச் செருகினார்.  அவர் செய்ததைப் பார்த்து இன்னொருவரும் எடுத்தார்.

ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் டெஸ்ஸி ஒரு வாளிப் பந்தை எடுத்து வந்து, ஓரத்தில் நிறுத்தி, சர்வீஸ் போட வைத்தாள். என் சர்வீஸ் இன்னும் மோசம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தெருவைக் கடந்து போய் பெர்னிஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். இவ்வளவு கிட்டத்தில் இருக்கிற வீட்டுக்கு இவ்வளவு நேரம் நடப்பேன் என்று நினைக்கவில்லை.

"செவ்வாயும் வியாழனும் ஒம்பதரைக்குக் கெளம்பறேன். கார்ல இடம் இருக்கு. வர்றியா?"

சங்கிலியை எடுக்காமலே பேசினாள். "ஏன்? என்னக் கூட்டிட்டுப் போனா ராத்திரி தூக்கம் வருமா ஒனக்கு?"

"வராது."

"அப்ப எதுக்கு?"

"ஒனக்கு ஆட இடமில்லாமப் பண்ணினது நான்தான். எனக்குக் கார் இருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஒன்பதரைக்குக் காரைப் பின்னால் எடுத்து, அவள் வீட்டுக்கு முன்னால் நிறுத்திக் காத்திருந்தேன். திரைச்சீலை அசைந்தது. வரவில்லை. டிக் ஸாண்ட்வோல்ட் நாயைக் கூட்டிக்கொண்டு போனவர் என்னைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வந்தாள்!

மட்டைப் பையோடு வந்து, முன்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்த என்னைத் தாண்டி, பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"முன்னால உக்காந்தா பேசணும்" என்றாள்.

 பாலத்தின் மேல் போகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"களம் தொறந்த மொத வாரம் தெனமும் வேலிகிட்ட நின்னு கூப்ட்டேன். 'வெர்னா, வா, ஒரு ஆள் கொறையுது'ன்னு. நீ ஜன்னலச் சாத்தின. ஒனக்குக் கேக்கலன்னு நெனச்சேன். அப்புறம் கேட்டுதுன்னு புரிஞ்சுது. நான் என்ன பண்ணிட்டேன் ஒனக்குன்னு ரெண்டு வருஷமா யோசிச்சேன், தெரியுமா?"

கேட்டது. ஒவ்வொரு நாளும் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டே நின்று கேட்டேன். எனக்கு ஆடத் தெரியாது, எல்லோர் முன்னாலும் தடுமாறுவேன், சிரிப்பார்கள் என்று ஜன்னலைச் சாத்தினேன். அப்புறம் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அதற்கும் அவள்மேல்தான் கோபப்பட்டேன்.

"நீ ஒண்ணும் பண்ணல" என்றேன். "எனக்கு ஆடத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கா?" என்றாள். "அட லூசே. அதுக்கா?"

மன்னித்த குரல் இல்லை அது. இன்னும் கோபம் கூடின மாதிரிதான் இருந்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

பூங்காவில் தார் போட்டுவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் வாடை. பெர்னிஸ் வண்டியில் ஏறும்போது மூக்கைப் பொத்திக்கொண்டாள். நானும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மழை. மண்டபத்துக் கூரையில் ஒரே இரைச்சல், பாயிண்ட் சொன்னால் எதிர்ப்பக்கம் கேட்கவில்லை.

ஜோடி பிரித்தபோது நானும் பெர்னிஸும் ஒரே பக்கம் வந்தோம். எதிரில் லைலும் புதிதாக வந்த ஒருவரும். லைல் இப்போது மட்டையை நகர்த்தி வைப்பதில்லை. ஆனால் ஆட்டம் முடிந்து வலைக்கு மேல் மட்டையைத் தட்டும்போது என் மட்டை மட்டும் அவருக்கு எட்டாது. புது ஆள் எங்கள் ஊருக்கு வசந்தத்தில்தான் குடிவந்தாராம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம ஊர்லயே களம் இருந்துச்சாமே? எவளோ ஒரு கெழவி..." என்று ஆரம்பித்தார்.

லைல் கூரையைப் பார்த்தார். நான் என் ஷூவைப் பார்த்தேன்.

பெர்னிஸ் வலை வரைக்கும் நடந்து போனாள். கிச்சனுக்குள்ளேயே போய் நின்றாள்.

"அந்தக் கெழவி இதோ நிக்கறா. என் பார்ட்னர். அவளத் திட்டறதுன்னா நான் திட்டுவேன், எனக்கு முப்பது வருஷப் பழக்கம். நீ நேத்து வந்தவன். பந்தப் போடு."

அவர் போட்டார். நான் எடுக்கவில்லை, கண்ணீர் மறைத்தது. அடுத்ததையும் விட்டேன்.

"பந்தப் பாரு வெர்னா!" என்று கத்தினாள் பெர்னிஸ். "அழறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்!"

பதினொன்றுக்கு நாலு என்று தோற்றோம். அந்த நாலும் அவள் எடுத்தது.

திரும்பும்போதும் பின்சீட்டில்தான் உட்கார்ந்தாள். பாலம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள், வாய் லேசாகத் திறந்து, மட்டைப் பையை மடியில் அணைத்துக்கொண்டு. முன்கண்ணாடித் துடைப்பான் கிறீச்சிட்டது, அதன் வேகத்தைக் குறைத்தேன். அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்தால் விழித்துவிடுவாள் என்று அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டு ஜன்னலில் ஆர்லோ வந்து பார்த்தார். வர நேரமாகும் என்று கையைக் காட்டினேன்.